அவர் படுத்திருக்கும்போது நான் வானத்தை ரசிக்கலாமா?

கேள்வி: அன்புள்ள டாக்டர், என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. இடது கையும் காலும் இன்னும் சரியாக வரவில்லை. குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, பிசியோதெரபி செய்ய வைப்பது எல்லாம் நான்தான். போன வாரம் மாடிக்குத் துணி எடுக்கப் போனபோது, சாயங்கால வெளிச்சத்தில் ஒரு பறவைக் கூட்டம் மொத்தமாகத் திரும்பித் திரும்பிப் பறந்துகொண்டிருந்தது. துணியைக் கையில் பிடித்தபடி பத்து நிமிடம் நின்றுவிட்டேன். உடம்பே லேசானது மாதிரி இருந்தது. கீழே வந்து அவர் முகத்தைப் பார்த்ததும் குற்ற உணர்ச்சி பிடுங்கித் தின்ன ஆரம்பித்துவிட்டது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார், நான் வானத்தை ரசித்துக்கொண்டு நிற்கிறேன். அக்காவிடம் சொன்னால், "அழகு சோறு போடுமா? போய் வேலையைப் பார்" என்கிறாள். ஒரு காலத்தில் நன்றாகப் படம் வரைவேன். இப்போது பென்சிலை எடுத்தால் மனம் மரத்துக் கிடக்கிறது. பாட்டும் அப்படித்தான், காதில் விழுகிறது, உள்ளே போவதில்லை. அப்படியிருக்க அந்தப் பத்து நிமிடம் மட்டும் எங்கிருந்து வந்தது? நான் சுயநலக்காரியா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று தோன்றுகிறது. நீங்கள் சுயநலக்காரி இல்லை. மாடியில் நின்ற அந்தப் பத்து நிமிடத்தைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். கையில் துணி இருப்பதே மறந்துபோயிருக்கும். மாத்திரை நேரம், நாளைய வேலை, யார் என்ன சொன்னார்கள், நான் சரியாகத்தான் செய்கிறேனா என்று ஓயாமல் ஓடும் கணக்கு எல்லாம் நின்றுபோயிருக்கும். உங்களைப் பற்றிய நினைப்பே அப்போது உங்களுக்கு இல்லை. கீழே வந்த பிறகுதான் "நான் இப்படி, நான் அப்படி" என்ற பேச்சு மறுபடி தொடங்கியது. சுயநலத்துக்கு நேர் எதிரான ஓர் இடத்தில் நின்றுவிட்டு வந்து, அதற்காகவே உங்களைத் திட்டிக்கொள்கிறீர்கள்.

ஐரிஸ் மர்டாக் என்ற தத்துவ அறிஞர் 1970இல் ஏறக்குறைய இதே அனுபவத்தை எழுதியிருக்கிறார். மனத்தாங்கலில் பொருமியபடி ஜன்னல் வழியே வெறித்துக்கொண்டிருக்கும்போது, வானத்தில் ஒரு வல்லூறு ஒரே இடத்தில் சிறகடித்து நிற்பது கண்ணில் படுகிறது. அந்த நொடியில் காயம்பட்ட மனம் காணாமல் போய், வல்லூறு மட்டும்தான் இருக்கிறது. பிறகு பழைய கவலைக்குத் திரும்பும்போது அது முன்பைவிடச் சிறிதாகத் தெரிகிறது. அழகை ரசித்தால் மனிதன் மேம்படுவான் என்று பலர் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை தருவது இந்தச் சாதாரண விளக்கம்தான். அழகான ஒன்றின் முன்னால் நாம் கொஞ்ச நேரம் நம்மிடமிருந்து விடுபடுகிறோம். அது நம்மிடம் எதையும் கேட்பதில்லை. பார்த்து முடித்த பிறகு அதை எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்றும் தோன்றுவதில்லை. அது அங்கே இருப்பதே நமக்குப் போதுமாக இருக்கிறது.

உங்களைப் போல இரவும் பகலும் ஒருவரைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கு இந்த விடுதலை மற்றவர்களைவிட அதிகம் தேவைப்படுகிறது. உங்கள் நாள் முழுவதும் முயன்று செலுத்தும் கவனத்தால் ஆனது. இருமல் சத்தம் கேட்கிறதா, கால் சறுக்குகிறதா, மாத்திரையை விழுங்கிவிட்டாரா என்று காது ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். ஸ்டீபன் கேப்லன், ரேச்சல் கேப்லன் என்ற உளவியலாளர் தம்பதி இதைப் பல வருடம் ஆராய்ந்தார்கள். பிடித்துவைத்து ஒன்றைக் கவனிக்கும் சக்தி களைத்துப்போகும், களைத்தால் எரிச்சலும் மறதியும் வரும் என்றார்கள். மேகம், இலையசைவு, ஓடும் நீர் போன்றவை எந்த முயற்சியும் இல்லாமல் நம் கவனத்தை எடுத்துக்கொள்வதால், அந்த நேரத்தில் களைத்த பகுதி ஓய்வெடுக்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். தூங்கி எழுந்தும் அலுப்பு போகவில்லை என்று சொல்லும் பலருக்கு இந்த வகை ஓய்வுதான் கிடைக்காமல் இருக்கிறது. உங்களுக்கு அது அன்று மாடியில் தானாகவே கிடைத்தது.

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். கேலியாகச் சொல்லியிருந்தாலும் அது நியாயமான கேள்விதான். 2011இல் லண்டனில் செமிர் ஸெகி, டொமோஹிரோ இஷிஸு என்ற இரு நரம்பியல் ஆய்வாளர்கள் 21 பேருக்கு ஓவியங்களைக் காட்டியும் இசையைக் கேட்க வைத்தும் மூளையை ஸ்கேன் செய்தார்கள். கண்ணால் கண்ட அழகானாலும் காதால் கேட்ட அழகானாலும், "இது அழகு" என்று அவர்கள் உணர்ந்தபோது, நெற்றிக்குப் பின்னால் கண்களுக்கு மேலே உள்ள ஒரே பகுதி இயங்கியது. மூன்று வருடம் கழித்து ஸெகியும் வேறு சிலரும் 15 கணித அறிஞர்களிடம் சமன்பாடுகளைக் காட்டியபோதும் அதே பகுதிதான். பசித்தவனுக்குச் சாப்பாடு கிடைக்கும்போது வரும் நிறைவிலும் இந்தப் பகுதிக்குப் பங்கு உண்டு. அழகு சோறு போடாது, சரி. ஆனால் சோறு தரும் நிறைவும் அழகு தரும் நிறைவும் மூளைக்குள் ஒன்றுக்கொன்று அந்நியம் இல்லை.

இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு சார்லஸ் டார்வினே சாட்சி. 1876இல் தன் பிள்ளைகளுக்காக எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் அவர் ஒன்றை மனம்விட்டுச் சொல்கிறார். முப்பது வயதுவரை கவிதை அவருக்குப் பெரிய இன்பமாக இருந்தது. படங்களும் இசையும்கூட. பிறகு அது மெல்ல வற்றிப்போய், கவிதையில் ஒரு வரிகூடப் படிக்க முடியாத நிலை வந்தது. தன் மனம் தகவல்களை அரைத்து விதிகளை எடுக்கும் இயந்திரமாகிவிட்டது என்கிறார். இன்னொரு முறை வாழ முடிந்தால் வாரத்துக்கு ஒரு தடவையாவது கொஞ்சம் கவிதை படிப்பது, கொஞ்சம் இசை கேட்பது என்று விதி வைத்துக்கொள்வேன் என்றும் எழுதியிருக்கிறார். இந்த ரசனையை இழப்பது மகிழ்ச்சியை இழப்பது என்றும், அது அறிவையும் அதைவிடக் குணத்தையும் பாதிக்கலாம் என்றும் அவர் கருதினார். உலகத்தையே புரட்டிப்போட்ட கண்டுபிடிப்பைச் செய்த மனிதர் வயதான காலத்தில் சொன்ன குறை இது. வேலையையே பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று நினைக்கிற எவரும் இதை ஒரு தடவை யோசிக்கலாம்.

இனி, மரத்துக் கிடக்கும் மனம். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப்போகிறேன். முன்பு பிடித்த எதிலும் பிடிப்பு வராமல் போவது மனச்சோர்வு நோயின் இரண்டு முக்கிய அறிகுறிகளில் ஒன்று. மற்றொன்று தொடர்ந்த சோகம். இந்த இரண்டில் ஒன்றாவது இரண்டு வாரத்துக்கு மேல் அனேகமாக எல்லா நாளும் இருந்து, கூடவே தூக்கம் கெடுவது, பசி மாறுவது, தீராத அசதி, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் ஆகியவையும் சேர்ந்தால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம். நெடுநாள் நோயாளியைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கு இது அடிக்கடி வருகிறது. அவர்களும் "எனக்கென்ன, நோயாளி அவர்தானே" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். ரசிக்கும் சக்தி உங்களிடமிருந்து போய்விடவில்லை, அடைபட்டுக் கிடக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். அதை மட்டும் வைத்து எனக்கு மனச்சோர்வு இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மனச்சோர்வு உள்ள பலருக்கும் நடுவில் இப்படி வெளிச்சமான பொழுதுகள் வருவதுண்டு. ஆகவே இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே மாதிரி அசதியைத் தரும் என்பதால் அந்தப் பரிசோதனைகளையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். இருந்து என்ன பயன் என்ற நினைப்பு எப்போதாவது வந்தால் அந்த வாரம்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே யாரிடமாவது சொல்லி, அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அழகு மனத்துக்கு உணவு என்று முழுமையாக நம்புகிறவன் நான். காய்ச்சலில் கிடப்பவருக்கு உணவோடு மருந்தும் வேண்டும் என்பதையும் அதே அளவு நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்திய வரி வேறு. "அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்." இரண்டு வருடமாக ஒரு மனிதர் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்கள் குற்ற உணர்ச்சி தவறான கதவைத் தட்டுகிறது என்று நினைக்கிறேன். நீங்கள் வானத்தைப் பார்க்கக் கூடாது என்று அது சொல்கிறது. அவரும் வானத்தைப் பார்க்க என்ன வழி என்று நாம் யோசிப்போம்.

ராஜர் உல்ரிச் என்பவர் 1984இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இன்றுவரை மருத்துவமனை கட்டுகிறவர்களிடையே பேசப்படுகிறது. பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேர். பாதிப் பேருடைய அறை ஜன்னலில் மரங்கள் தெரிந்தன, மறுபாதிக்குச் செங்கல் சுவர். வயது முதலான அம்சங்களில் ஒத்தவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து ஒப்பிட்டார். மரம் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்துகள் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான், ஒரே மருத்துவமனையில் நடந்தது. ஆனாலும் கட்டிலைத் திருப்பிப் போடச் செலவும் இல்லை, பக்கவிளைவும் இல்லை.

அதற்கு முன் ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். இடது கை, கால் பாதிக்கப்பட்டிருக்கிறது என்றால் மூளையின் வலது பாதியில் அடைப்போ கசிவோ ஏற்பட்டிருக்கும். அப்படிப்பட்டவர்களில் கணிசமானோருக்குக் கண் நன்றாக இருந்தும் இடது பக்கம் இருப்பதே மனத்தில் பதியாது. தட்டில் இடது பாதியைத் தொடாமல் விடுவார்கள், இடது பக்கம் நின்று கூப்பிட்டால் வலது பக்கம் தேடுவார்கள். உங்கள் கணவருக்கு இது இருந்தால் இடது பக்கத்து ஜன்னல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவரைப் பொறுத்தவரை அங்கே ஒன்றும் இல்லை. சிகிச்சையாளர் சில நேரம் வேண்டுமென்றே இடது பக்கம் பார்க்கப் பழக்குவார். சில நேரம் ஓய்வுக்கு வலது பக்கமே நல்லது என்பார். கட்டிலைத் திருப்பும் முன் சிகிச்சையாளரிடம் கேளுங்கள். ஜன்னலில் சுவர்தான் தெரிகிறது என்றால், சாய்த்து உட்கார வைத்து, வெளிச்சம் நகர்வது தெரியும்படி கண்மட்டத்தில் ஒரு செடித்தொட்டியை வைக்கலாம்.

இசையைப் பற்றி இன்னும் உறுதியாகச் சொல்ல முடியும். பின்லாந்தில் டெப்போ சர்காமோ குழுவினர் பக்கவாதம் வந்து சில நாளே ஆன நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு தங்களுக்குப் பிடித்த இசையைத் தினமும் ஒரு மணி நேரமாவது, இரண்டு மாதம் கேட்டது. இன்னொரு குழு ஒலிப்புத்தகம் கேட்டது. மூன்றாம் குழுவுக்கு இவை எதுவும் இல்லை. 2008இல் வெளியான முடிவின்படி, இசை கேட்டவர்களுக்கு வார்த்தைகளை நினைவில் வைக்கும் திறனும் கவனமும் மற்ற இரு குழுக்களைவிட நன்றாக மீண்டன, மூன்றாம் குழுவைவிட மனத்தளர்ச்சியும் குறைவாக இருந்தது. உங்கள் கணவருக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டதால் அதே அளவு பலனை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் பிடித்த பாட்டு ஒலிக்கும் அறையில் கிடப்பது வேறு, கூரையைப் பார்த்துக் கிடப்பது வேறு. பாட்டை அவரே தேர்ந்தெடுக்கட்டும். நல்ல இசை என்று நீங்களோ அக்காவோ நினைப்பது வேண்டாம், அவருக்கு இருபது வயதில் பிடித்தது எது என்று கேளுங்கள். கேட்கும்போது பொலபொலவென்று அழுதுவிடலாம். பக்கவாதத்துக்குப் பிறகு அழுகையும் சிரிப்பும் கட்டுக்கடங்காமல் வருவது உண்டு. பயந்துபோய்ப் பாட்டை நிறுத்திவிடாதீர்கள். "நிறுத்தட்டுமா?" என்று கேட்டுவிட்டு, வேண்டாம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். காரணமே இல்லாமல் இப்படி அடிக்கடி நடந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கும் மருந்து இருக்கிறது.

உங்களுக்கு வருகிறேன். அழகைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை, உங்களால் இப்போது போகவும் முடியாது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் வியப்பு நான்கிலிருந்து பிறக்கும் என்று ஒரு கணக்கு இருக்கிறது: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். புதியதும் பெரியதும் நமக்குத் தெரிந்தவைதான். அதற்காகத்தான் எல்லோரும் மலைக்கும் கடலுக்கும் போகிறார்கள். என்னை ஈர்ப்பது மற்ற இரண்டு. மிகச் சிறியதாக இருப்பதும் வியப்பு, ஒன்று இன்னொன்றாக மாறுவதும் வியப்பு. இந்த இரண்டும் வீட்டுக்குள்ளேயே கிடைக்கும்.

பழுத்து விழுந்த ஓர் இலையை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடு நரம்பிலிருந்து கிளை நரம்பு, அதிலிருந்து இன்னும் மெல்லியவை, கடைசியில் வலை போல ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்பவை. எங்காவது ஒரு பூச்சி அரித்த ஓட்டை இருக்கும், அதன் விளிம்பு மட்டும் பழுப்பாகக் காய்ந்து தடித்திருக்கும். காம்புப் பக்கம் கொஞ்சம் பச்சை மிச்சம் இருக்கும். அந்த மஞ்சள் புதிதாக வந்த நிறம் இல்லை. இலை பச்சையாக இருந்த நாளெல்லாம் மஞ்சள் நிறமி உள்ளேயே இருந்தது, பச்சையம் சிதைந்துபோனதும் வெளியே தெரிகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு பார்த்தால் அழகு குறையுமா என்று சிலர் கேட்பார்கள். எனக்குக் கூடத்தான் செய்கிறது. உங்கள் பறவைக் கூட்டத்துக்கும் அப்படி ஒரு விஷயம் உண்டு. ரோம் நகர வானத்தில் ஸ்டார்லிங் என்ற மைனா இனப் பறவைகளைப் படம்பிடித்து ஆராய்ந்தவர்கள், ஒவ்வொரு பறவையும் தனக்கு மிக அருகில் உள்ள ஆறேழு பறவைகளை மட்டுமே கவனித்துத் திரும்புகிறது என்று 2008இல் கண்டார்கள். தலைவன் யாரும் இல்லை. பக்கத்தில் இருப்பவரைக் கவனிப்பதிலிருந்தே அத்தனை பெரிய அசைவும் உண்டாகிறது.

பார்க்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். "தோள் கண்டார் தோளே கண்டார்" என்று கம்பர் பாடியது ராமனின் அழகைத்தான், ஆனால் எந்த அழகையும் பார்ப்பதற்கு அதுதான் முறை. முழுவதையும் அள்ளிவிட நினைக்கிறவருக்கு எதுவும் தங்குவதில்லை. போனையும் உள்ளேயே வைத்துவிட்டுப் போங்கள். லிண்டா ஹென்கல் என்ற உளவியலாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படமெடுத்தவர்களுக்குச் சும்மா பார்த்தவர்களைவிட அந்தப் பொருள்கள் குறைவாகவே நினைவில் நின்றன. ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படமெடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. படமெடுத்தவர்களிலும் நெருக்கிப் பார்த்தவர்களுக்குப் பொருள் மனத்தில் தங்கியிருக்கிறது, கம்பர் சொன்னது மாதிரியே.

பென்சிலையும் இதே வழியில் தொடலாம். படம் வரையப்போகிறேன் என்று உட்கார வேண்டாம். அந்த எண்ணத்தோடு பழைய கைத்திறன், வீணான வருடங்கள் எல்லாம் வந்து எதிரே உட்கார்ந்துகொள்ளும். இலையின் விளிம்பை மட்டும், பூச்சி அரித்த அந்த ஓட்டையை மட்டும், கண் போகிற வேகத்தில் கை போகும்படி ஒரு கோடு இழுங்கள். முடிந்ததும் தாளைக் கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை. வரைவதற்காக உற்றுப் பார்க்கிறீர்களே, நமக்கு வேண்டியது அந்தப் பார்வைதான். ஒன்றும் தோன்றாத நாள்களும் வரும், அன்றைக்கு விட்டுவிடுங்கள். இதையும் மாத்திரை மாதிரி நேரம் தவறாமல் செய்ய வேண்டிய கடமையாக்கிக்கொண்டு, "இன்றைக்கு எனக்கு ஒன்றும் உணரவில்லையே" என்று அதற்கும் ஒரு குற்ற உணர்ச்சியைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், அக்கா. அவரிடம் அழகைப் பற்றி வாதாட வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் அரை மணி நேரம் வந்து உன் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார முடியுமா என்று நேராகக் கேளுங்கள். எங்கே போகிறாய் என்று கேட்டால் மாடிக்கு என்று சொல்லுங்கள், காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. திரும்பி வந்ததும் என்ன பார்த்தீர்கள் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். பறவைகள் எந்தப் பக்கம் திரும்பின, வெளிச்சம் என்ன நிறத்தில் இருந்தது என்று கையை அசைத்துக் காட்டிச் சொல்லுங்கள். இரண்டு வருடமாக அவரிடம் பெரும்பாலும் மாத்திரை, குளியல், கழிப்பறை பற்றித்தான் பேசியிருப்பீர்கள், அவரும் வேறு பேச்சுக்கு ஏங்கிக்கொண்டிருக்கலாம்.

மருத்துவர் என்ன சொன்னார் என்று அவசியம் எழுதுங்கள். கட்டிலை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.